குழந்தைகள் பிரிவுத் தராசில் இருநூறு கிராம்

செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று பத்துக்குக் காவல் நிலையத்துக்குத் தாமாகவே வந்தவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளப்பட்டது.

என் பெயரும் அடையாள அட்டை எண்ணும் முதல் தாளில் உள்ளன. கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, தராசுக்காரர் என்றால்தான் கை காட்டுவார்கள். வயது முப்பத்தெட்டு. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், சைக்கிள் கடையின் மாடியில் குடியிருக்கிறேன். அதே கட்டடத்தில் படிக்கட்டுக்கு அடியில் உள்ள சிறிய அறையில் தராசு பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். மனைவி வீட்டில் இருந்தபடி தையல் வேலை செய்கிறாள். ஒரே மகன், இரண்டு வயது ஒன்பது மாதம். என்னை யாரும் பிடித்து வரவில்லை, மிரட்டவில்லை. காலையில் வந்தபோது வாசலில் இருந்த காவலர் பர்ஸ் தொலைந்துபோன புகாரா என்று கேட்டார். இல்லை, நான்தான் புகார் என்று சொன்னேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கறிக்கடை, காய்கறிக் கடை, பழைய இரும்புக் கடை, தபால் அலுவலகம் என்று எங்கள் பகுதியில் உள்ள தராசுகளில் பாதிக்கு மேல் என் கை பட்டவை. போன வருடம் ஒரு மீன் கடைக்காரர் வந்து, கிலோவுக்கு முப்பது கிராம் கூடுதலாகக் காட்டுகிற மாதிரி வைத்துத் தரச் சொன்னார். அவருடைய தராசைத் தெருவில் வைத்துவிட்டு, இன்னொரு முறை இந்தப் படி ஏறினால் காலை ஒடிப்பேன் என்று சொல்லி அனுப்பினேன். அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். பொது மருத்துவமனையின் தராசுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் பார்க்கும் ஒப்பந்தமும் ஏழு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது.

என் மகனுக்குப் பிறவியிலேயே தசை வலுவிழக்கும் நோய். கழுத்து நிற்பதற்கே ஒன்றரை வயது ஆனது, இன்றுவரை தானாக உட்காரமாட்டான். வாய் மட்டும் ஊருக்குப் பேசுவான். அந்த நோய்க்கு ஒரே ஒரு ஊசி இருக்கிறது, அதை ஒரு முறை போட்டால் போதும். அதன் விலையை டாக்டர் சொன்னபோது, ஏழு பிறவி எடுத்துத் தராசு பார்த்தாலும் முடியாது என்று தெரிந்துவிட்டது. அதன் பிறகு அரசின் குழந்தைகள் சிகிச்சை நிதிக்கு விண்ணப்பம் கொடுத்தோம். நிதிப் பிரிவு எழுத்தரை அங்கு வருபவர்கள் எல்லோரும் நாளைக்காரர் என்றுதான் சொல்வார்கள். எதைக் கேட்டாலும் நாளைக்கு வா என்பார். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், கையெழுத்துப் போட மட்டும் நம்மிடம் பேனா கேட்பார். வருமானச் சான்று பழையது, புகைப்படத்தில் காது தெரியவில்லை, தாயின் கையெழுத்து இரண்டாம் பக்கத்தில் இல்லை என்று நான்கு முறை திருப்பி அனுப்பினார். இப்படி ஏழு மாதம் போனது. நாங்கள் முதலில் போனபோது மகன் பதினொன்றரைக் கிலோ. நிதியின் விதிப்படி அந்த ஊசிக்குக் குழந்தையின் எடை பதின்மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது. நாளைக்கு வா என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளை வளராமல் இருக்குமா? விண்ணப்பம் ஏற்கப்பட்ட அன்று என் கடைத் தராசில் நிறுத்திப் பார்த்தேன், பதின்மூன்று கிலோ முன்னூறு கிராம் இருந்தான்.

அதன் பிறகு மகனின் சாப்பாட்டைக் குறைத்தோம். இதை யார் முதலில் சொன்னது என்று இந்த அலுவலர் கேட்டார். நான்தான் சொன்னேன். இரவுச் சாப்பாடு பாதி, பால் அரை டம்ளர், முட்டை கிடையாது. அவன் கேட்டுக் கேட்டு அழுவான். மனைவி தையல் இயந்திரத்தை வேகமாக ஓட்டுவாள், அந்தச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ. ஒருநாள் அவன் என்னைப் பார்த்து, "அப்பா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டான். பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டவன் நான். இருபது நாள் இப்படிச் செய்தும் நூற்றிருபது கிராம்தான் இறங்கியது. அதற்கு மேல் குறைத்தால் ஆபத்து என்று பக்கத்து மருந்துக் கடைக்காரர் திட்டினார்.

நிதிக்கு விண்ணப்பித்த குழந்தைகளை வியாழக்கிழமைதோறும் குழந்தைகள் பிரிவில் உள்ள மின்னணுத் தராசில் நிறுத்துவார்கள். அந்த மாதம் சர்வீஸ் முறையும் வந்தது. புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டியோடு போனேன். தராசைச் சரிசெய்யும்போது அதன் தட்டில் பத்துக் கிலோ எடைக்கல்லை வைத்து, இதுதான் பத்துக் கிலோ என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அது நாம் சொன்னதை நம்பும். நான் எடைக்கல்லுக்குப் பின்னால், நர்ஸுக்குத் தெரியாத பக்கத்தில், ஓர் இருநூறு கிராம் கல்லையும் சேர்த்து வைத்து அதைப் பத்துக் கிலோ என்று பதிந்தேன். அன்றிலிருந்து அந்தத் தராசு ஒவ்வொரு கிலோவுக்கும் இருபது கிராம் குறைத்துக் காட்டியது. நர்ஸ் தினமும் காலையில் ஒரு கிலோ கல்லை வைத்துச் சோதிப்பார். ஐம்பது கிராமுக்குக் குறைவான வித்தியாசம் அந்தத் தராசில் தெரியாது, ஆகவே சரியாக ஒரு கிலோ என்றுதான் காட்டும். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. அதன் பிறகு என் முத்திரைச் சீட்டை ஒட்டி, சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அந்த வேலி நான்தான்.

மறுநாள் மகனை நிறுத்திவிட்டால் அன்று மாலையே ஏதாவது சாக்குச் சொல்லித் திரும்பவும் சரியாக வைத்துவிடலாம் என்பது என் எண்ணம். அந்த வியாழக்கிழமை நிதிப் பிரிவு டாக்டர் விடுப்பில் இருந்தார். மகனை நிறுத்தவில்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மற்ற டாக்டர் பார்க்கும் குழந்தைகளை மட்டும் நிறுத்தினார்கள். அவர்களில் ஒரு பெண் குழந்தை, வயது இரண்டு, இதயத்தில் ஓட்டை. தாய் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுபவர். அந்தக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமானால் எடை பத்துக் கிலோவுக்குக் குறையக் கூடாது. எங்களுக்குப் பதின்மூன்றைத் தாண்டக் கூடாது, அவர்களுக்குப் பத்தை எட்ட வேண்டும். இரண்டுக்கும் அதே தராசு.

அதற்கு முந்தைய வாரம் அந்தக் குழந்தை ஒன்பதே முக்கால் கிலோ இருந்ததாம். அன்று நிறுத்தினால் ஒன்பது கிலோ அறுநூற்றைம்பது காட்டியது. இஸ்திரிக்காரம்மா நர்ஸிடம், "எப்படிம்மா எறங்கும்? வேளாவேளைக்கு ஊட்டுறேனே, எங்கதான் போகுது?" என்று கேட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினார். குழந்தை துப்பியது. அவர் அதன் கன்னத்தில் அறைந்தார். பிறகு அவரே அதைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

என் மனைவிக்குத் தராசு விஷயம் அப்போது தெரியாது. அவள் அந்தம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எங்கள் பையில், நிறுத்தி முடிந்ததும் மகனுக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்து கொடுக்காமல் வைத்திருந்த வேகவைத்த முட்டை ஒன்று இருந்தது. "அடிக்காதீங்கக்கா, நான் ஊட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டு, அதைப் பிட்டுப் பிட்டு, வானத்தில் போகிற விமானத்தைக் காட்டுவதாகச் சொல்லி முழு முட்டையையும் ஊட்டிவிட்டாள். கூரையில் ஏது விமானம்? அந்தக் குழந்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டது. என் மகன் மனைவியின் தோளில் கிடந்தபடி அந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அவள் அந்தக் குழந்தைக்கு என்று ஏதாவது கொண்டுபோவாள். அவனுக்குத்தான் கொடுக்க முடியவில்லை, இவளாவது தின்று தேறட்டும் என்பாள்.

இரண்டாம் வியாழக்கிழமை என் மகனை நிறுத்தினார்கள். உண்மையில் அவன் பதின்மூன்று கிலோ நூற்றெண்பது, தராசு பன்னிரண்டு தொள்ளாயிரம் என்று காட்டியது. நாளைக்காரர் என் கையைக் குலுக்கினார், தப்பிச்சீங்க என்றார். அடுத்ததாக அந்தப் பெண் குழந்தை. ஒன்பது எண்ணூற்றைம்பது. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மையான எடை பத்துக் கிலோ ஐம்பது கிராம். அந்தக் குழந்தை அன்றே தேறியிருக்க வேண்டும். இது எனக்கு அன்றே தெரியும் என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் ஏன் உடனே போய்ச் சரிசெய்யவில்லை என்றால், விதிப்படி மகனை இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு வாரம்தானே, ஒரு வாரத்தில் அந்தக் குழந்தைக்கு என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் வியாழக்கிழமையும் மகன் பன்னிரண்டு தொள்ளாயிரம். ஊசி திங்கட்கிழமை என்று தேதி கொடுத்தார்கள். அன்று காலை அனுமதிக்கும்போது இதே தராசில் கடைசியாக ஒருமுறை நிறுத்துவோம் என்றும் சொன்னார்கள். அந்தப் பெண் குழந்தை ஒன்பது தொள்ளாயிரத்தைம்பது. ஐம்பது கிராம் குறைவு. நாளைக்காரர் கையில் இருக்கும் இதய அறுவை சிகிச்சைப் பட்டியல் சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு மூடுகிறது, அடுத்த பட்டியல் ஆறு மாதம் கழித்துத்தான். ஆறு மாதம் இது தாங்குமா என்று சொல்ல முடியாது என டாக்டர் இஸ்திரிக்காரம்மாவிடம் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. நாளைக்காரர் அன்று ஒரு நல்ல காரியம் செய்தார். "சனிக்கிழமை காலையில ஒரு தடவை கூட்டிட்டு வாம்மா. பன்னெண்டுக்குள்ள பத்துன்னு காட்டிட்டா நான் சேத்துக்கிறேன். சட்டம் பேசமாட்டேன்" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து நாளைக்கு வா என்பது உதவியாக வந்தது அன்று ஒரு நாள்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஊசிக்குத் தேதி கிடைத்ததைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த ஐம்பது கிராமைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை அந்தக் குழந்தைக்கு என்ன கொடுத்தால் எடை ஏறும், நெய்யா வாழைப்பழமா என்று என்னிடமே யோசனை கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை. அன்று இரவே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

இன்று முதலில் இந்த அலுவலரிடம் வாயால் சொன்னபோது, திங்கட்கிழமை வரை பொறுத்துக்கொள்வது என்று நானும் மனைவியும் சேர்ந்து முடிவு செய்ததாகச் சொன்னேன். அது பொய். நான் சொன்னதைக் கேட்டதும் அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு, "இந்தக் கையாலதாங்க அவளுக்கு ஊட்டினேன்" என்றாள். பிறகு, "இப்பவே போங்க. போய்ச் சொல்லுங்க" என்றாள். நம் பிள்ளைக்கு ஊசி கிடைக்காதே என்று கேட்டேன். "எனக்கு மட்டும் எம் புள்ள வேணாமா? பத்து மாசம் நான்தானே சுமந்தேன்? அதுக்குன்னு இன்னொருத்தி புள்ளைய வச்சா ஈடு கட்டுறது?" என்றாள். நான் போகவில்லை. வெள்ளிக்கிழமையும் சொன்னாள், போகவில்லை. சனிக்கிழமை காலை அவளே போகிறேன் என்று செருப்பை மாட்டினாள். நான் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொண்டேன். கல்யாணமான இந்த ஒன்பது வருடத்தில் அவள் மேல் கை வைத்ததில்லை, அன்று தோளைப் பிடித்துத் தள்ளினேன். மகன் பாயில் கிடந்தபடி, "அம்மாவை ஏன்ப்பா தள்ற?" என்று கேட்டான். உள்ளே கதவை ஒட்டி நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், அவள் சுவரோரமாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டுக்குச் சைக்கிள் கடைக்காரர் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது. எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். அவள் வெளியே போகவில்லை, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

சனிக்கிழமை அந்தக் குழந்தையை நிறுத்தியபோதும் ஒன்பது தொள்ளாயிரத்தைம்பதுதான் காட்டியது என்றும், பட்டியல் அவர்கள் இல்லாமலே போய்விட்டது என்றும் பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை காலை மகனுக்கு ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறியது. ஊசி மருந்தின் அளவை எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள் என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். குறைத்துக் காட்டிய எடைக்கு மருந்தும் குறைவாகப் போயிருக்குமா, போயிருந்தால் அதனால் என்ன ஆகும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். இப்போது இந்த அலுவலர் மூலமாக அந்த டாக்டருக்கு இது தெரிய வேண்டும்.

அதன் பிறகு மகனை மனைவியிடம் விட்டுவிட்டு, பிற்பகல் மூன்றரைக்குப் பெட்டியோடு எடை அறைக்குப் போனேன். சீட்டைக் கிழித்து, பத்துக் கிலோ எடைக்கல்லை மட்டும் தனியாக வைத்து, தராசைச் சரிசெய்தேன். புதுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கும்போது இஸ்திரிக்காரம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். நாளைக்காரரைக் கெஞ்சிப் பார்க்க வந்தவர், பட்டியல் போய்விட்டது என்று அவர் சொல்லிவிட, சும்மா ஒருமுறை நிறுத்திப் பார்க்கட்டுமா என்று நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் சரி என்றார். நான் தராசை விட்டு விலகி நின்றேன்.

பத்துக் கிலோ இருநூறு காட்டியது.

இஸ்திரிக்காரம்மா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏறிடுச்சுண்ணே! பாருங்க, ஏறிடுச்சு" என்று சிரித்தார். அதன் பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். "வெள்ளிக்கிழமை காலையில வேணாம்னு துப்பினா. கடைக்கு நேரமாச்சுன்னு நானும் விட்டுட்டேன். அந்த ஒரு வேளை ஊட்டியிருந்தா சனிக்கிழமையே வந்திருக்கும். நானே எம் புள்ள தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நர்ஸ் கையைப் பிடித்துத் தடுத்தார். போகும்போது அந்தம்மா என்னிடம், "உங்க புள்ளைக்கு ஊசி போட்டாச்சாமே. நல்லா இருக்கட்டும்ணே. அக்காகிட்ட சொல்லுங்க, அவங்க குடுத்ததுலதான் இந்தளவுக்காவது ஏறுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையை ஆட்டினேன். நின்ற இடத்திலேயே செத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

ஊசியும் போட்டாயிற்று, தராசையும் சரிசெய்தாயிற்று, ஒருவருக்கும் தெரியப்போவதில்லை, பிறகு ஏன் வந்தீர்கள் என்று இந்த அலுவலர் கேட்டார். மன்னிப்புக் கேட்க வரவில்லை. அந்தப் பட்டியலை மறுபடி திறக்க யாருக்காவது அதிகாரம் இருந்தால் திறக்க வேண்டும். அதற்கு என் எடைக்கற்கள், கணக்குத் தாள், கிழித்த சீட்டு மூன்றையும் ஒப்படைத்திருக்கிறேன். மகனைப் பொறுத்தவரை ஏற்றிய மருந்தைத் திருப்பி எடுக்க முடியாது, அது தெரிந்துதான் செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறேன். இதையும் எழுதுங்கள். அடுத்தது, அந்தம்மா வெள்ளிக்கிழமை காலை ஊட்டாமல் விட்டதால் ஒன்றும் கெடவில்லை. அந்தக் குழந்தை அதற்கு ஒரு வாரம் முன்பே பத்துக் கிலோவைத் தாண்டிவிட்டது. இதை யாராவது இன்றே சலவைக் கடைக்குப் போய் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் இன்றும் அந்தக் குழந்தையை அடித்து ஊட்டிக்கொண்டிருப்பார்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படிக்கக் கேட்டு உறுதி செய்கிறேன். மூன்றாம் தாளில் 'தவறுதலாக' என்று எழுதியிருந்த ஒரு சொல்லை மட்டும் அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் ஓரமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்ற அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
தராசு பழுதுபார்ப்பவர்

என் முன்னிலையில் எழுதிப் படித்துக் காட்டப்பட்டது. பகல் 1.25 மணி. சலவைக் கடைக்கு ஒரு பெண் காவலர் அனுப்பப்பட்டுள்ளார்.
(ஒப்பம்)
விசாரணை அலுவலர்